விடைக் கோழியை அவசரப்பட்டு விற்க வேண்டாம்

கொல்லையில் நாலு கோழி வளர்க்கலாம் என்று புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் முட்டையைப் பார்ப்பதே இல்லை. நோயிலும் நாய் வாயிலும் போவது ஒரு பங்கு. மற்றொரு பங்கு, முட்டைக்கு வர இன்னும் மூன்று நான்கு வாரமே இருக்கையில் வியாபாரியின் கூடைக்குப் போய்விடுகிறது. "ஆறு மாதமாகத் தீனி தின்கிறது, ஒரு முட்டையைக் காணோம், இது மலடு" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். வியாபாரிக்கு அந்தக் கோழியின் கொண்டையைப் பார்த்த மாத்திரத்தில் உண்மை தெரியும். கறிக்கோழி விலைக்கு அதை வாங்கி, அடுத்த சந்தையில் முட்டைக் கோழி என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றுவிடுவார்.

தை மாதத்தில் பொரித்த குஞ்சு, ஆடி பிறக்கும்போது ஆறு மாதத்தை எட்டும். ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்று, பொங்கல், விருந்து என்று ஊரெங்கும் கோழிக்குத் தேவை இருக்கும். நல்ல விலையும் கிடைக்கும். புரட்டாசி வந்தால் பல வீடுகளில் கவுச்சி இல்லை என்பதால் விலை இறங்கிவிடும். ஆகவே ஆடியிலேயே விற்றுவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த விடை ஆவணியிலோ புரட்டாசியிலோ முட்டைக்கு வரவேண்டிய கோழி. ஆடியில் கொடுக்க வேண்டியவை சேவல்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். மிஞ்சியவை தீனிக்குத்தான் கேடு. பெட்டையில் கை வைக்குமுன் கீழ்க்கண்ட செய்திகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வயதுக் கணக்கு

புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் வயதுக் கணக்கில்தான். நாமக்கல் பக்கம் கூண்டுகளில் வளர்க்கும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். நாலரை, ஐந்து மாதம் என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. அந்தக் கணக்கு நாட்டுக் கோழிக்குப் பொருந்தாது. நாட்டுக் கோழி ஆறு மாதம் முதல் எட்டு மாதத்துக்குள் முதல் முட்டை இடும். நன்றாகத் தீனி வைத்து வளர்த்தது ஆறாம் மாதத்தில் இடும். குப்பை கிளறி மட்டுமே பிழைத்தது எட்டாம் மாதம் வரை இழுக்கும். அசில் என்னும் சண்டைக் கோழி இனம் இன்னும் மெதுவாகவே வரும்; ஆண்டுக்கு அது இடும் முட்டையும் 30, 40 என்ற அளவில்தான் இருக்கும். அதை வளர்ப்பது முட்டைக்காக அன்று. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற புறக்கடை இனங்கள் ஐந்தரை, ஆறு மாதத்தில் முட்டைக்கு வரக்கூடியவை.

குஞ்சு பொரித்த நாளை வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சந்தையில் விடையாக வாங்கினால் வயது தெரியாது. "ஆறு மாதக் கோழி" என்று விற்பவர் சொல்வது பெரும்பாலும் நாலரை மாதமாகவே இருக்கும். அதோடு, இடம் மாறிய கோழி புது இடத்துக்குப் பழகவும், பழைய கோழிகளிடம் கொத்துப்பட்டு ஓரிடம் பிடிக்கவும் சில வாரம் ஆகும். அதுவரை முட்டை தள்ளிப் போகும். சந்தையிலிருந்து வந்ததை நேராகப் பழைய கோழிகளோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரமாவது தனியே அடைத்து வைத்து, எச்சம் ஒழுங்காக இருக்கிறதா, தீனி எடுக்கிறதா என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். சந்தைக் கோழி ஒன்றால் வீட்டுக் கோழி முழுவதும் மடிந்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

கொண்டை சொல்லும் சேதி

முட்டைக்கு வரப்போகும் விடை பல நாள் முன்பே அடையாளம் காட்டும். முதல் அடையாளம் கொண்டை. அதுவரை வெளிறி, சிறுத்து, செதில் படிந்தாற்போல் இருந்த கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். முகமும் சிவந்துவிடும். கொண்டை சிவந்த கோழியை விற்பது, கதிர் வாங்கிய பயிரை மாட்டுக்கு அறுத்துப் போடுவது போலத்தான்.

அடுத்தது நடை மாற்றம். கூட்டத்தோடு மேய்ந்த கோழி தனியே பிரிந்து மூலை முடுக்குகளை நோட்டம் விடும். வைக்கோற்போரின் அடி, விறகுக் குவியல், குதிருக்குப் பின்புறம், திண்ணையில் கிடக்கும் கூடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பார்க்கும். ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் குரல் கொடுக்கும். "கோழி கேறுகிறது" என்று கிராமத்துப் பெண்கள் சொல்வது இதைத்தான். சேவல் அணைய வந்தால் முன்பு ஓடிய விடை இப்போது தாழ்ந்து உட்காரும். கைப்பழக்கமான கோழியானால் முதுகில் கை வைத்தாலே இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கும். நாட்டுக் கோழி கைக்கு அகப்படாமல் ஓடும் சாதி என்பதால் இந்த அடையாளம் எல்லாக் கோழியிலும் தெரியாது. தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இரவில் கோழி அடைந்த பிறகு மெதுவாக எடுத்து, வாலுக்குக் கீழே எச்சத் துவாரத்தின் இரு புறமும் தடவிப் பார்க்க வேண்டும். முள்போல இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். முட்டைக்கு வராத கோழியில் இந்த இரண்டும் நெருங்கி, ஒரு விரல்கூட நுழையாமல் இருக்கும். முட்டைக்கு வரும் கோழியில் இரண்டு விரல், மூன்று விரல் வைக்கும் அளவுக்கு அகன்றிருக்கும். எலும்பு முனையும் வளைந்து கொடுக்கும். துவாரம் உலர்ந்து வட்டமாக இல்லாமல், ஈரமாக, அகன்று, நீள்வட்டமாக இருக்கும். வயிறு மென்மையாகத் தொங்கலாக இருக்கும். இப்படி இருந்தால் இரண்டொரு வாரத்தில் முட்டை எதிர்பார்க்கலாம். ஏழு மாதம் ஆகியும் எலும்புகள் ஒட்டியே இருந்தால் தீனியில் குறை, அல்லது வயிற்றில் பூச்சி என்று எண்ணிப் பரிகாரம் தேட வேண்டும்.

முட்டை இட்டும் காணாமல் போவது

"என் கோழி இடவே இல்லை" என்பவர்களில் கணிசமானவர்களின் கோழி இட்டுக்கொண்டுதான் இருக்கிறது, இடம் வேறு. நாட்டுக் கோழிக்கு அடைகாக்கும் புத்தி உண்டு. ஆகவே பிறர் கண்ணில் படாத, இருட்டான, பதுங்கலான இடத்தையே அது தேடும். பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் இட்டால் அந்த வீட்டாருக்கு யோகம். வேலியோரத்துப் புதரில் இட்டால் கீரிக்கும் காக்கைக்கும் பாம்புக்கும் யோகம். சில கோழிகள் பல நாள் காணாமல் போய், நாய் தின்றுவிட்டது என்று வீட்டார் மறந்தே போன பிறகு, ஒரு நாள் காலையில் எட்டுக் குஞ்சுகளோடு வாசலுக்கு வந்து நிற்பதும் உண்டு. பொரிப்பதற்கு 21 நாள் ஆகும் என்பதையும், அதற்கு முன் ஒரு தட்டு முட்டை இட்டிருக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டால், அந்தக் கோழி ஒரு மாதத்துக்கு மேலாக யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்திருக்கிறது.

இதைத் தவிர்க்க, கொண்டை சிவக்கத் தொடங்கியதுமே முட்டையிடும் இடத்தை ஏற்பாடு செய்துவிட வேண்டும். முதல் முட்டையை எங்கே இட்டதோ அங்கேயே அடுத்தடுத்த முட்டைகளையும் இடப் பார்ப்பது கோழியின் குணம். பெரிய செலவு தேவையில்லை. ஒரு அடி அகலம், ஒரு அடி நீளம், ஒரு அடி உயரத்தில் பலகைப் பெட்டி செய்யலாம். வாயகன்ற பழைய பானையைச் சாய்த்து வைத்து மண் அண்டை கொடுக்கலாம். மூங்கில் கூடையும் உதவும். அடியில் மணல் அல்லது சாம்பல் பரப்பி, மேலே வைக்கோல் போட வேண்டும். நாலைந்து கோழிக்கு ஒரு கூடு போதும். இரைச்சல் இல்லாத, வெயில் படாத மூலையில், தரையைவிட ஓரிரு அடி உயரத்தில் வைப்பது நல்லது. ஆனால் இரவில் கோழிகள் அதிலேயே அடைய விடக் கூடாது. எச்சம் படிந்து முட்டை அழுக்காகிவிடும். முட்டைக் கூட்டைவிட உயரமாக ஒரு கம்பு கட்டிவிட்டால் கோழி இரவில் அதில் ஏறிக்கொள்ளும்.

கூட்டில் முட்டை வடிவான வெள்ளைக் கூழாங்கல்லையோ, சுண்ணாம்பு பூசிய மரக்கட்டையையோ போட்டு வைப்பது பழைய முறை. வேறொரு கோழி இங்கே இட்டிருக்கிறது என்று எண்ணி விடை அங்கே வந்து உட்காரும். முட்டையை எடுக்கும்போதும் ஒன்றை அங்கேயே விட்டு எடுப்பது இதற்காகத்தான். விட்டு வைக்கும் முட்டையில் கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பழையது எது, புதியது எது என்ற குழப்பம் வராது.

வெளியே இட்டுப் பழகிவிட்ட கோழியைப் பிடிக்க ஒரு வழிதான் உண்டு. நாட்டுக் கோழி பெரும்பாலும் காலை முதல் நண்பகலுக்குள் முட்டை இட்டுவிடும். இன்று முட்டை இருக்கிறதா என்று காலையில் திறந்துவிடுமுன் சுண்டு விரலால் துவாரத்தில் தடவிப் பார்ப்பது கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்த கலை. நகம் வெட்டி, கை கழுவி, எண்ணெய் தொட்டுச் செய்தால் கோழிக்குக் கெடுதல் இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் பழகியவர்களைக் கொண்டு பார்ப்பது நல்லது. முட்டை தட்டுப்பட்டால் அந்தக் கோழியை வெளிச்சமுள்ள இடத்தில் பஞ்சாரத்துக்குள் அடைத்து, உள்ளே முட்டைக் கூடையும் தண்ணீரும் தீனியும் வைத்துவிட வேண்டும். உச்சிக்குள் இட்டுவிட்டுக் கொக்கரிக்கும். ஒரு வாரம் இப்படிச் செய்தால் பெரும்பாலான கோழிகள் வழிக்கு வந்துவிடும். புதரில் கண்டெடுத்த முட்டை எத்தனை நாளையது என்று தெரியாவிட்டால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். அடியில் படுத்துக்கொண்டால் புதியது. நட்டுக்கொண்டு நின்றால் நாள் ஆனது. மிதந்தால் எறிந்துவிட வேண்டியது.

தீனியில் குறை

எலும்பு ஒட்டியிருக்கும், கொண்டை வெளிறியிருக்கும் கோழி உண்மையிலேயே முட்டைக்கு வரவில்லை என்று அறிந்துகொள்ளலாம். அதற்கு முதற்காரணம் தீனி. காலையில் ஒரு பிடி அரிசி, மாலையில் ஒரு பிடி கம்பு என்று போடுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். தானியம் உடம்புக்குச் சூடும் கொழுப்பும் தரும். முட்டை உருவாகப் புரதமும் சுண்ணாம்பும் வேண்டும். புழு பூச்சி நிறைந்த மழைக்காலத்தில் கோழி அதைத் தானே தேடிக்கொள்ளும். மண் காய்ந்து கிடக்கும் மாசி முதல் வைகாசி வரை அது நடவாது. கோடையில் வளரும் விடைகள் பின்தங்கிப் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

கோழியின் மொத்தத் தீனியும் நாள் ஒன்றுக்கு 100 கிராம் அளவில்தான். மேய்ச்சலுக்குப் போகும் கோழிக்கு அதில் பாதியைக் கையால் கொடுத்தால் போதும். பத்து கிலோ கலவைக்கு, உடைத்த கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் 5 கிலோ, அரிசித் தவிடு இரண்டரை கிலோ, கடலைப் பிண்ணாக்கு ஒன்றரை கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம் என்று சேர்க்கலாம். கருவாட்டில் உப்பு மிகுந்திருந்தால் கோழி செத்துப்போகும். கடையில் மீன் தூள் என்று விற்பதை நாவில் வைத்துப் பார்த்து வாங்குவது தவறில்லை. பிண்ணாக்கு, மக்காச்சோளம் இரண்டிலும் பூசணம் பிடித்திருந்தால் காசு போனாலும் பரவாயில்லை என்று குப்பையில் கொட்டிவிட வேண்டும். பூசணத்தின் நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். காய வைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது.

கலவைக்கு வழியில்லாதவர்கள் கறையான் பிடித்துக் கொடுக்கலாம். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணிச் சாக்கு, மட்டை ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானைக்குள் கறையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளும் விடைகளும் ஓடி வந்து பொறுக்கும். காசில்லாத புரதம் இது. அசோலா வளர்ப்பவர்கள் அதைத் தவிட்டில் பிசைந்து கொடுக்கலாம். முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் கொத்தித் தின்னும்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து கோழியின் உடம்பிலிருந்து போகிறது. தீனியில் கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கொடுத்துக் கொடுத்துக் கால் வலுவிழக்கும், பிறகு முட்டையை நிறுத்திக்கொள்ளும். கொண்டை சிவக்கத் தொடங்கியது முதல் கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்துவிட வேண்டும். வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்றுகொள்ளும். தீனியில் கலந்து எல்லாவற்றுக்கும் கொடுப்பது சரியன்று. வளரும் குஞ்சுக்குச் சுண்ணாம்பு மிகுந்தால் சிறுநீரகம் கெடும். கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் சமைத்த முட்டை ஓட்டைக் காயவைத்து, வறுத்து, தூளாக்கிக் கொடுக்கலாம். ஓட்டை முழுதாகப் போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் கெட்ட பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் வந்த கோழியைத் திருத்துவது மிகக் கடினம்.

தண்ணீரை யாரும் தீனியாக நினைப்பதில்லை. தின்பதைப்போல இரண்டு மடங்கு கோழி குடிக்கும். கோடையில் இன்னும் மிகுதி. ஒரு நாள் பகல் முழுவதும் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தால் முட்டையிடும் கோழி நிறுத்திவிடும். நிழலில் மண்சட்டியில் வைத்து, இருவேளை மாற்ற வேண்டும்.

வெளிச்சமும் உண்ணியும்

முட்டைக்கு வரும் கோழிக்குப் பகல் வெளிச்சம் தூண்டுகோல். குளிர் நாடுகளில் பகல் குறையும் காலத்தில் கோழிகள் முட்டையை நிறுத்திவிடும். தமிழ்நாட்டில் மார்கழியில் பகல் பதினொன்றரை மணியளவு, ஆனியில் பன்னிரண்டே முக்கால் மணியளவு என்று வித்தியாசம் சொற்பமே. ஆனால் மாலை ஐந்து மணிக்கே இருட்டுக் கூட்டில் அடைத்து, காலையில் வேலையெல்லாம் முடித்து எட்டு மணிக்குத் திறந்துவிடும் வீட்டில் கோழி பார்ப்பது ஒன்பது மணி நேர வெளிச்சத்தைத்தான். கருக்கலில் எழுந்ததும் முதல் வேலையாகக் கூட்டைத் திறந்துவிட்டால் இந்தக் குறை தீரும்.

இரவில் கோழி அடையும் கூட்டின் இடுக்குகளை விளக்கு வைத்துப் பார்க்கவும் வேண்டும். பகலில் பலகை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும் உண்ணி, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கொண்டை வெளிறி, உடல் மெலிந்து போன விடைக்குத் தீனியை ஏற்றிப் பயனில்லை, உண்ணியை ஒழிக்காத வரையில். இடுக்குகளைச் சுண்ணாம்புக் குழம்பால் அடைத்துப் பூச வேண்டும். கூட்டை மாதம் ஒரு முறை வெயிலில் காயப் போட வேண்டும். கொல்லையில் நிழலான இடத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் கொட்டி வைத்தால் கோழி தானே புரண்டு பேனை உதறிக்கொள்ளும். மருந்து தெளிப்பதானால் கால்நடை மருத்துவரைக் கேட்டே தெளிக்க வேண்டும். வயலுக்கு அடித்த பூச்சிமருந்தின் மிச்சத்தைக் கோழிக் கூட்டில் தெளித்துக் கோழியைச் சாகடித்தவர்கள் உண்டு.

தடுப்பூசிக்கு ஏற்ற காலம்

வெள்ளைக் கழிச்சல் வந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் மிஞ்சாது. குமாவோன் மலையில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1920களின் இறுதியில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு மூன்று நாளில் ஊர்க் கோழி முழுவதும் விழும். வந்த பிறகு மருந்து இல்லை. முன்கூட்டிப் போடும் தடுப்பு மருந்தே காவல்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையின் அடியில் ஊசி என்பது வழக்கமான முறை. விடைகளுக்கு 16 முதல் 18 வாரத்துக்குள் இன்னொரு ஊசி போட்டுவிட வேண்டும். முட்டை இடத் தொடங்கிய கோழிக்கு இந்த ஊசி போட்டால் சில நாள் முட்டை குறையும். அதனால்தான் முன்பே முடித்துக்கொள்ளச் சொல்வது. ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்பூச்சி மருந்து கொடுத்திருப்பது நல்லது. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நோய்வாய்ப்பட்ட கோழிக்குப் போடக் கூடாது. கோடை தொடங்குமுன் அரசு கால்நடை மருந்தகங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். நாளைக் கேட்டறிந்து, அன்று காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருந்தால் போதும். பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போவது தனக்கே காவல். கோழிக்கு வேலி தெரியாது.

முதல் முட்டை வந்த பின்

முதல் முட்டையைப் பார்த்துச் சிலர் ஏமாந்து போவார்கள். புறா முட்டைக்குச் சற்றுப் பெரிது என்னும்படி இருக்கும். மஞ்சள் கருவே இல்லாத குட்டி முட்டை, இரட்டைக் கரு முட்டை, ஓடு இல்லாத தோல் முட்டை, ஓட்டின்மேல் இரத்தக் கீற்று என்று முதல் இரண்டு மூன்று வாரம் பலவிதமாக வரும். பயப்பட வேண்டாம். உள்ளுறுப்புகள் வேலைக்குப் பழகும்வரை அப்படித்தான். நாளாக நாளாக முட்டை பெருத்து 40 கிராம் அளவுக்கு வரும். தோல் முட்டை ஒரு மாதம் கழிந்தும் வந்துகொண்டிருந்தால் கிளிஞ்சல் சட்டியைப் பார்க்க வேண்டும்.

இன்று இட்ட கோழி நாளை இடவில்லை என்றால் திருட்டுப் போய்விட்டது என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. சூலகத்திலிருந்து கரு விடுபட்டு, வெள்ளைக் கரு சூழ்ந்து, ஓடு கட்டி வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. ஓடு கட்டுவதற்கே அதில் 20 மணி போகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் சற்று நேரம் தள்ளித் தள்ளி இட்டு, ஒரு நாள் விட்டுவிடும். சேவல் இல்லாவிட்டால் முட்டை வராது என்று நினைப்பவர்களும் உண்டு. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவே.

நாட்டுக் கோழி ஒரு தட்டுக்கு 12 முதல் 15 முட்டை இட்டு அடைக்கு உட்காரும். ஆண்டுக்கு மூன்று நான்கு தட்டு. மொத்தம் 60 அளவில் எதிர்பார்க்கலாம். முதல் தட்டு முட்டையை அடை வைக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. சிறு முட்டையில் சிறு குஞ்சுதான் வரும். முதல் முறை உட்காரும் கோழி பாதியில் எழுந்துவிடவும் கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த முட்டை வீண்போகாது. இரண்டாம் தட்டில் பெரிய, சுத்தமான, ஏழெட்டு நாளுக்கு மேற்படாத முட்டையாக 10, 12 எடுத்து வைத்தால் போதும். கோழியின் வயிற்றுக்கு அடங்காமல் வெளியே தெரியும் முட்டை கூமுட்டையாகும்.

ஒன்பது மாதம் கடந்தும், தீனியும் பூச்சி மருந்தும் கொடுத்தும், எலும்பு ஒட்டியபடியே கொண்டை வெளிறி நிற்கும் கோழி ஒன்றிரண்டு எந்தக் கூட்டத்திலும் இருக்கக் கூடும். அவற்றைப் பிரித்து விற்பதில் தவறில்லை. வியாபாரியைக் கூப்பிடுமுன் ஒரு வாரம் காலை வேளையில் பஞ்சாரத்தில் அடைத்து வைத்துப் பார்க்கட்டும். வைக்கோற்போரின் பின்பக்கத்தையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.